உப்பைத் தின்ற நட்டு

பின்பக்க ஷாக் அப்சரைக் கழற்ற அரை மணி நேரம் போதும் என்றுதான் அந்தப் பையன் முதலில் சொன்னான். ஆம்பூர் சர்வீஸ் ரோட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. ஜாக்கியில் தூக்கி நிறுத்திய என் காருக்கு அடியில், பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டியின் மேல் மல்லாந்து படுத்திருந்தான். வலப்பக்கம் சொன்னபடி வந்துவிட்டது. இடப்பக்கத்துக் கீழ் நட்டு மட்டும் அசையவில்லை. எண்ணெய் அடித்து ஊறவிட்டான். ஸ்பேனரில் நீளப் பைப்பை மாட்டி மிதித்தான். கடைசியில் தலையை வெளியே நீட்டி, "உப்புணா" என்றான். "நம்ம ஊரு வண்டில இந்த நட்டு இப்டித்தான் கீது. பெங்களூரு வண்டின்னா கையிலயே சுத்திகினு வந்துடும்."

கடற்கரை ஆம்பூரிலிருந்து நூற்றெண்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆனாலும் பையன் சொன்னது சரி. கேஸ் வெல்டிங் வைத்துச் சூடு காட்டி, சுத்தியலால் தட்டி, ஒருவழியாக அவன் கழற்றி எறிந்த பழைய ஷாக் என் காலடியில் உருண்டு நின்றது. கசிந்து கறுத்த எண்ணெய், அதில் ஒட்டிய புழுதி, வெந்த ரப்பர், துரு எல்லாம் சேர்ந்த ஒரு வாடை. அப்பாவின் காக்கிச் சட்டை ஆணியில் தொங்கும்போது எங்கள் வீட்டு நடையில் இருந்த வாடை அதுதான்.

அப்பா ஒரு தோல் ஷாப்பில் கார் டிரைவர். தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். முதலாளியை ஊரே ஹாஜியார் என்றது, நாங்களும் அப்படியே. அவரிடம் வெள்ளை அம்பாசிடர் ஒன்று இருந்தது. அது நிற்கும் இடம் ஷாப்பின் முன்முற்றம். பக்கத்திலேயே பச்சைத் தோல் இறக்கும் மேடை. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புதான் மருந்து. தோலின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் உப்பைத் தேய்த்து, மடித்து அடுக்கி, வெளியூர்ச் சந்தைகளிலிருந்து லாரி லாரியாக அனுப்புவார்கள். ஊறப்போடுவதற்கு முன்னால் அந்த உப்பை உதறித் தட்டுவார்கள். மேடையில் வெள்ளைக் குவியல். காற்றடித்தால் முற்றமெல்லாம் உப்பு. வரும் வழியிலேயே லாரிகளின் இடுக்கிலிருந்து உப்புநீர் சொட்டிக்கொண்டே வரும். பின்னால் போகிற வண்டியின் அடிவயிற்றில் அது தெறிக்கும். உடம்பின் பெயின்ட் பளபளவென்று இருக்கும், அடியில் குனிந்து பார்த்தால் பட்டை ஸ்பிரிங்கும் யு போல்ட்டும் செம்மண் நிறத்தில் உதிர்ந்துகொண்டிருக்கும்.

எங்கள் ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்றவர்கள் தொழுகைக்கும் கறிக்கடைக்கும் போய்க்கொண்டிருக்கையில் அப்பா வண்டியின் அடியைக் கழுவுவார். மேல்பக்கத்தை யார் வேண்டுமானாலும் துடைக்கட்டும், அடிப்பக்கம் அவருடையது. ஆரம்பத்தில் ஷாப்புக் கிணற்றிலேயே தண்ணீர் இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் அதைப் பார்த்த மெக்கானிக் மேஸ்திரி பாய், "உப்புத் தண்ணிய ஊத்தி உப்பைக் கழுவறியே டிரைவரே, உனக்கு யாரு லைசென்ஸ் குடுத்தது?" என்று கேட்டுவிட்டுப் போனார். பாலாற்றங்கரைக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கரித்துப்போய்க்கொண்டிருந்த காலம். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தோறும் மலையடிவாரத்தில் ஒரு கொல்லை மேட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போய், பம்ப்செட் தண்ணீரில் கழுவினார். நானும் போவேன். கழுவுகிறவர் அவர், தொட்டியில் குளிக்கிறவன் நான். வண்டியைக் குளிப்பாட்ட அத்தனை தூரம் போகிற மனிதர் வீட்டுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்ததில்லையே என்று அம்மா சொல்வாள். அது நியாயமான குறைதான். பிறகு டிக்கியில் இரண்டு குடங்கள் ஏறின.

அந்த அம்பாசிடரின் ஷாக் இப்போதுள்ள குழாய் வடிவமல்ல. 1950-களின் இறுதியில் கல்கத்தாவுக்கருகே உத்தர்பாராவில் அம்பாசிடரைச் செய்யத் தொடங்கியபோது, இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் அமைப்பைத்தான் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதில் ஷாக் என்பது வண்டி உடம்போடு போல்ட் போட்ட கனத்த உலோகப் பெட்டி. அதிலிருந்து ஒரு கை நீண்டு, இணைப்புக் கம்பி வழியாகப் பின் அச்சைப் பிடித்திருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது கை அசையும். பெட்டிக்குள் பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளை வழியே தள்ளும். எண்ணெய் குறைந்தால் மேலே உள்ள திருகைக் கழற்றி ஊற்றிக்கொள்ளலாம். சில பட்டறைகளில் ஒழுகாமல் நிற்கட்டும் என்று நாற்பதாம் நம்பர் என்ஜின் ஆயிலை ஊற்றிவிடுவார்கள். அப்படிச் செய்தால் ஒழுகாது, ஷாக்கும் அசையாது. வண்டி கட்டை வண்டியாகிவிடும்.

மேஸ்திரி பாயின் பட்டறை பேரணாம்பட்டு ரோட்டில், ஒரு வேப்பமரத்தடி. அவருக்கு வீட்டு மொழி உருது, பட்டறை மொழி எங்கள் வடாற்காட்டுத் தமிழ், திட்டுவதற்கு மட்டும் தெலுங்கு. அப்பா கைக்கருவி எடுத்துக் கொடுப்பதற்காக என்னை அங்கே கூட்டிப்போவார். நான் கேட்டேன்: "பாய், ஷாக் உடைஞ்சா வண்டி உக்காந்துடுமா?" அவர் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பட்டறையில் கேள்வி கேட்கிறவர்கள் குறைவு என்பதால் மகிழ்ந்திருக்க வேண்டும். "அது ஒரு கிலோ கூட சொமக்காது தம்பி. சொமக்கறதெல்லாம் பட்டை. பள்ளத்துல எறங்கினா பட்டை ஆட ஆரம்பிக்கும், அதுபாட்டுக்கு ஆடிகினே இருக்கும். போதும் நிறுத்துன்னு சொல்றவன்தான் ஷாக்கு. சொல்றவன் செத்துட்டா ஆட்டம் நிக்காது, அவ்ளோதான்." அதன்பின் படித்த இயற்பியல் புத்தகங்கள் இதற்குமேல் எனக்கு ஒன்றே ஒன்றைத்தான் சொல்லித் தந்தன: நின்றுபோன அந்த ஆட்டம் எங்கும் தொலைவதில்லை, எண்ணெய்க்குள் சூடாக மாறிவிடுகிறது.

அதையும் அப்பா தன் வழியில் அறிந்திருந்தார். மோசமான ரோட்டில் வெகுதூரம் ஓட்டி வந்து நிறுத்தியதும் பின்சக்கரங்களுக்கு உள்ளே கையை விட்டு இரண்டு ஷாக்குகளையும் தொட்டுப் பார்ப்பார். இரண்டும் சுட்டால் முகத்தில் திருப்தி. ஒன்று சுட்டு ஒன்று குளிர்ந்திருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை என்று பொருள். இன்றைக்கும் இதைவிடச் செலவில்லாத சோதனை எனக்குத் தெரியாது. இன்னொன்று, வண்டியின் வாலை அழுத்திப் பார்ப்பது. டிக்கி மூலையில் உடம்பு பாரத்தைப் போட்டு அழுத்திச் சட்டென்று விட வேண்டும். மேலே வந்து, கொஞ்சம் இறங்கி, நின்றுவிட வேண்டும். "ஒண்ணரைல நிக்கணும்" என்பார். அதற்குமேல் ஆடினால் ஹாஜியாரிடம் போய் நிற்பார்.

ஹாஜியாரிடம் பணம் இருந்தது, ஆனால் செலவு செய்வதற்கு முன் அவர் அதனிடம் விடைபெற்றுக்கொள்ள நேரம் எடுத்துக்கொள்வார். ஒரு பக்கத்து ஷாக்தான் போய்விட்டது, இரண்டையும் மாற்ற வேண்டும் என்று மேஸ்திரி பாய் சொன்னபோது அவர் ஒப்பவில்லை.

"ஒண்ணு நல்லாத்தானே கீது? அத எதுக்கு மாத்தணும்?"

"ஹாஜியார், நீங்க ஒத்தைக் காலுக்கு மட்டும் புது செருப்பு போட்டுகினு பள்ளிக்குப் போவீங்களா?"

தோல் வியாபாரியிடம் இப்படிக் கேட்டால் என்ன பதில் இருக்கும்? சிரித்துவிட்டு இரண்டுக்கும் பணம் எண்ணிக் கொடுத்தார். பாய் சொன்னதில் காரணமும் இருந்தது. ஒருபக்கம் புதிது, மறுபக்கம் தேய்ந்தது என்றால் வளைவிலும் பிரேக்கிலும் வண்டியின் வால் ஒருபக்கமாக இழுக்கும். ஒரே அச்சில் இருக்கும் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்பது எந்த நாட்டுப் பட்டறையிலும் விதி.

புதிய ஷாக் எப்போதும் கிடைத்துவிடாது. கடைக்காரர் எழுதி அனுப்புவார், வரும், வராது. ஹாஜியார் வாரந்தோறும் சென்னை பெரியமேட்டுக்குப் போவார். தென்னிந்தியத் தோல் வியாபாரத்தின் பேரமெல்லாம் அந்தச் சந்துகளில்தான். அவர் மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்து தோல் துண்டுகளை விரலால் நீவிக்கொண்டிருக்கும் நேரத்தில், அப்பா கூவத்தைத் தாண்டிப் புதுப்பேட்டைக்கு நடப்பார். உடைத்த வண்டிகளின் உறுப்புகள் குவிந்து கிடக்கும் அந்தத் தெருவில் தேடினால் சில நாள் முழு ஷாக் கிடைக்கும், சில நாள் ஒரு ரப்பர் புஷ் மட்டும் கிடைக்கும். ஒருமுறை அதுவும் கிடைக்கவில்லை. கை நுழையும் இடத்தில் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் சீல் போய்விட்டிருந்தது. எண்ணெய் ஊற்ற ஊற்ற ஒழுகியது.

மேஸ்திரி பாய் பெட்டியைப் பிரித்து, நைந்துபோன பழைய சீலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அப்பாவிடம் கொடுத்தார். "இது இன்னா தெரியுதா? தோலு. நம்ம ஊரு தோல இங்கிலாந்துக்கு அனுப்பி, அவன் வெட்டி உள்ள வெச்சு நமக்கே விக்கறான். உங்க ஷாப்புல ஒரு துண்டு வாங்கியா. முதுகுத் துண்டு வேணும். வயித்துத் தோலு வேணாம், அது இளகிடும்."

அவர் சொன்ன கணக்கில் கொஞ்சம் மிகை இருக்கலாம், ஆனால் அடிப்படை உண்மை. செயற்கை ரப்பர் பரவும் வரை உலகெங்கும் எண்ணெய் சீல்கள் தோலால்தான் செய்யப்பட்டன. சைக்கிள் பம்பு, தெருமுனை அடிபம்பு எல்லாவற்றுக்கும் உயிர் ஒரு தோல் வாஷரில்தான் இருந்தது. அதற்கும் முன்னால், 1900-களின் தொடக்கத்தில் பிரான்சில் ட்ரூஃபோ செய்து, அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு விற்ற ஷாக்குகளில் எண்ணெய் அறையே கிடையாது. உலோகத் தட்டுகளுக்கு நடுவே எண்ணெயில் ஊறிய தோல் வட்டுகளின் உராய்வுதான் ஆட்டத்தை அடக்கியது. எங்கள் ஊர்த் தோலும் அந்த நாட்களில் லண்டனுக்குக் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காயில் முடித்து, எண்ணெய் தேய்த்து உலர்த்திய அந்த மஞ்சள் தோலுக்குக் கிழக்கிந்தியத் தோல் என்றே அங்கே பெயர்.

ஷாப்பில் தரம் பிரிக்கிறவர் கழிவுக் கட்டிலிருந்து ஒரு முதுகுத் துண்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். காருக்கு என்று சொன்னதும் சீட்டு தைக்கவா என்று கேட்டாராம். மேஸ்திரி பாய் அதை வட்டமாக வெட்டி, வெதுவெதுப்பான எண்ணெயிலும் மெழுகிலும் ஊறவைத்து, மரத்தில் கடைந்த ஒரு அச்சில் அழுத்தி இரவு முழுவதும் வைத்தார். மறுநாள் பொருத்தினார். ஒழுகல் நின்றது. தன் வண்டி தன் தோலில் ஓடுகிறது என்று ஹாஜியார் பெரியமேட்டில் சொல்லாத ஆளில்லை. அந்தச் சீலுக்குப் பிறகு வந்த கம்பெனிச் சீல்களை அப்பா மட்டமாகவே நினைத்தார்.

அந்தக் காலத்து ரோட்டைச் சொல்ல வேண்டும். இரண்டு லாரிகள் எதிரெதிரே வந்தால் இருவரும் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கியாக வேண்டும். இரு மருங்கும் புளியமரங்கள், அவற்றின் இடுப்பில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை. தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் பள்ளம். பின் ஷாக் போன வண்டி ராத்திரியில் வந்தால் தூரத்திலிருந்தே தெரியும். ஹெட்லைட் வெளிச்சம் புளியமரக் கிளைக்கு ஏறும், ரோட்டுக்கு இறங்கும், மறுபடி ஏறும். "அவனுக்கு பின்னாடி ஷாக் அவுட்டு" என்று சொல்லி அப்பா ஒதுங்கி வழிவிடுவார். அந்த வண்டிகள் பிரேக் போட்டாலும் சட்டென்று நிற்காது, துள்ளும் டயர் தரையைச் சரியாகப் பிடிப்பதில்லை. டயரைத் தடவிப் பார்த்தால் அலை அலையாகத் தேய்ந்திருக்கும்.

வாடகைக்கார் ஓட்டுகிறவர்கள் வேறொரு தந்திரம் செய்வார்கள். பின்பக்கப் பட்டைக் கட்டில் இன்னொரு பட்டையை ஏற்றிப் போடுவது. கல்யாணத்துக்கு ஒன்பது பேர், கூடவே சீர்வரிசைப் பாத்திரம் என்று ஏற்றினாலும் வண்டி குந்தாது. ஆனால் ஆள் இல்லாமல் வெறும் வண்டியாக வரும்போது பின்பக்கம் கல்லில் அடித்த பந்துபோலத் துள்ளும், ஷாக்குகள் சீக்கிரம் சாகும். காட்பாடி ஸ்டேஷன் வாசலில் வேலூர் சி.எம்.சி.க்கு நோயாளிகளை ஏற்றிப்போகும் டாக்சிகளில் அப்படிச் சில இருந்தன. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் இரண்டு இரவு ரயிலில் வந்தவர்கள், கடைசி ஏழெட்டு கிலோமீட்டரில்தான் அதிகம் முனகுவார்கள்.

ஹாஜியாரின் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து சி.எம்.சி.யில் ஆபரேஷன் நடந்தது. நாங்கள் எல்லோரும் அவர்களைப் பெரியம்மா என்போம். வீட்டுக்கு அழைத்துவர நாள் குறித்ததும், அப்பா கேட்காமலேயே வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டார். இந்தமுறை ஹாஜியாரும் பேரம் பேசவில்லை. பழைய பெட்டி ஷாக்குகளுக்கு விடை கொடுத்து, குழாய் வடிவ ஷாக் மாட்டும்படி பிராக்கெட் வைத்துப் பற்றவைத்தார் மேஸ்திரி பாய். கேப்ரியல் என்று எழுதிய பெட்டியில் வந்தது. அந்தக் கம்பெனி 1961-இல் பம்பாயில் தொடங்கியது. இப்போது ஓசூரிலும் அவர்களுக்குத் தொழிற்சாலை உண்டு. அன்றைக்கு எங்களுக்கு அது பம்பாயிலிருந்து வந்த அதிசயம்.

அதை மாட்டுவதற்கு முன் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. ஷாக்கை நட்டமாக நிறுத்தி, தண்டை முழுக்க இழுத்து, முழுக்க அழுத்த வேண்டும். முதல் சில தடவை கையில் எதிர்ப்பே தெரியாது. "பெட்டில படுத்துகினு வந்துருக்கு, உள்ள காத்து பூந்துருக்கு. அத எழுப்பு" என்றார் பாய். நான் எழுப்ப எழுப்ப உள்ளே எண்ணெய் நிறைந்து, இரு பக்கமும் ஒரே சீராகக் கையை எதிர்த்தது. வியர்த்து விறுவிறுத்துப் போனேன். பொருத்திய பிறகும் அவர் நட்டுகளை முழுக்க முறுக்கவில்லை. ஜாக்கியை இறக்கி, வண்டி நான்கு சக்கரத்திலும் நின்ற பிறகு, அடியில் புகுந்து முறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், கீழே இறங்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் கிழியும். புதிய ஷாக் கொஞ்ச நாளிலேயே டொக் டொக் என்று சத்தம் போடுவது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான்.

பெரியம்மாவை ஸ்ட்ரெச்சரிலிருந்து பின்சீட்டுக்கு மாற்றி, இரண்டு தலையணை வைத்து, அப்பா கிளம்பினார். நான் முன்சீட்டில், மடியில் மருந்துப் பை. அன்று செவ்வாய்க்கிழமை, பொய்கை மாட்டுச் சந்தை. மாடுகள் ரோட்டை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. அப்பா ஹாரன் அடிக்கவில்லை. பள்ளிகொண்டா, மாதனூர் என்று ஊர்கள் கடந்தன. மாதனூருக்கு இப்பால் வழக்கமாக எல்லோரும் சீட்டைப் பிடித்துக்கொள்ளும் ஒரு நீண்ட பள்ளம் உண்டு. வண்டி இறங்கியது, ஏறியது, நின்றது. பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல்: "இன்னா பேட்டா, புதுசா ரோடு போட்டுட்டாங்களா?"

அப்பா, "ஆமாம்மா, போட்டுட்டாங்க" என்றார். தான் ஓட்டியதையும் சொல்லவில்லை, பாயின் வேலையையும் சொல்லவில்லை. ஹாஜியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி பாய்க்கு அந்தக் குழாய் ஷாக் பிடிக்கவில்லை என்பதைப் பின்னால்தான் உணர்ந்தேன். அதற்குத் திருகு இல்லை, எண்ணெய் ஊற்றும் வழி இல்லை. கெட்டுப்போனால் தூக்கிப் போட வேண்டியதுதான். "தொறக்க முடியாத சாமான எங்கேர்ந்து ரிப்பேர் பண்றது? இனிமே நான் மெக்கானிக் இல்ல, மாட்டறவன்" என்றார். 1980-களில் மாருதி வந்தது. முதலில் வந்த மாருதிகளில்கூடப் பின்னால் பட்டைதான் இருந்தது, 1986 வாக்கில் வந்த புது மாடலில் அது சுருள் ஸ்பிரிங்காக மாறியது. பட்டைக்குப் பட்டை தேய்த்துக்கொண்டு தானே கொஞ்சம் ஆட்டத்தை அடக்கும், சுருளுக்கு அந்தக் குணமில்லை. எல்லாப் பொறுப்பும் ஷாக்கின் தலையில் விழுந்தது. இதையும் பாய்தான் சொன்னார். ஆனால் அவர் கை அந்த வண்டிகளில் பழகவில்லை.

ஊரும் அதற்குள் வேறு தொழிலுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. பாதி பதனிட்ட தோலை அனுப்பியது போதும், முடித்த தோலும் செருப்பும் செய்து அனுப்புங்கள் என்று 1970-களின் முற்பகுதியில் அரசு திருப்பிவிட்டதன் விளைவை நாங்கள் கண்ணெதிரே பார்த்தோம். ஆவாரம்பட்டைக் குவியல்கள் சிறுத்தன. குரோம் டிரம்கள் வந்தன, முற்றத்தில் நீலத் தோல் தொங்கியது. ஷூ கம்பெனிகள் பெருகின. மாலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்களிலிருந்து ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும் பெண்கள் கூட்டம் மல்லிகைப்பூக்காரிகளின் கூடைகளைச் சில நிமிடங்களில் காலி செய்தது. அந்தப் பெண்களின் சம்பளத்தில் படித்த பிள்ளைகள்தான் இன்று இந்த ரோட்டில் கார் ஓட்டுகிறார்கள். அதே காலத்தில் பாலாற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டக் கல்லூரிகள் இன்றும் அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் நடத்துகின்றன. எங்கள் ஷாப்பில் அது வேறு மாதிரி வந்து சேர்ந்தது: ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாவிட்டால் பூட்டு. பத்தாயிரத்தை ஹாஜியார் கட்டிவிட்டார். சுத்திகரிப்பு நிலையச் செலவுதான் அவரால் முடியவில்லை. அதற்குள் வயதும் ஆகியிருந்தது. ஷாப்பைப் பெரிய கம்பெனி ஒன்றுக்கு விட்டுவிட்டார். அம்பாசிடரை விற்கும்போது ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்துப் பார்த்த அப்பா சிரித்தார். வண்டி வாங்கும்போது வடாற்காடு மாவட்டம், நடுவில் வடாற்காடு அம்பேத்கர், விற்கும்போது வேலூர். 2019-இல் திருப்பத்தூர் மாவட்டமும் வந்துவிட்டது. வீட்டை விட்டு ஓரடி நகராதவர்களுக்கும் எங்கள் பக்கத்தில் விலாசம் மாறிக்கொண்டே இருக்கும்.

பாலாற்று வழக்கும் ஓயவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி அதே ஆற்றைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

இப்போது ரோடு ஆறு வழி. புளியமரங்கள் போய்விட்டன. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் காசு எடுத்துக்கொள்கிறார்கள், அதன்பின் ஆம்பூர் வரை தம்ளரில் டீ வைத்தாலும் சிந்தாது. அப்படியிருந்தும் ஷாக்குகள் ஏன் சாகின்றன என்று சர்வீஸ் ரோட்டுப் பையனைக் கேட்டேன். "ஸ்பீடு பிரேக்கர்ணா" என்றான். வேகத்தடை பத்து சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று இந்திய ரோடு காங்கிரஸ் விதி வைத்திருக்கிறது. சக்கரம் சாவகாசமாக ஏறி இறங்க அத்தனை அகலம் வேண்டும். உள்ளூர்த் தெருக்களில் அந்த உயரத்தைப் பார்க்கலாம், அகலத்தைப் பார்க்க முடியாது. ஒரு வீட்டுக்காரர் ஒரு சட்டி சிமென்டில் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிவிடுகிற சுவர்தான் அது. விபத்துக்குப் பயந்து அவர் கட்டுகிறார், அவரைத் திட்டவும் மனம் வரவில்லை.

பையன் கொண்டுவந்த புதிய ஷாக்குகளில் வாயு அடைத்திருந்தது. தண்டை அழுத்திப் பட்டையால் கட்டியிருந்தார்கள். பட்டையை வெட்டியதும் தண்டு தானாகவே மெல்ல எழுந்தது. யாரும் எழுப்ப வேண்டியதில்லை. ஆனாலும் அவன் நட்டமாகப் பிடித்து நாலைந்து முறை அழுத்தி இழுத்துப் பார்த்துக்கொண்டான். நட்டுகளை வண்டியை இறக்கிய பிறகே முறுக்கினான். யாரிடம் பழகினாய் என்று கேட்டேன். குடியாத்தத்தில் ஒரு மேஸ்திரியிடம் என்றான். அந்த மேஸ்திரி யாரிடம் பழகினாரோ, அதை நான் விசாரிக்கவில்லை. இடப்பக்க போல்ட்டில் கிரீஸை அள்ளிப் பூசினான். "அடுத்த தபா கழட்டறவன் என்னை திட்டக்கூடாதுல்ல" என்றான்.

அப்பாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. போன ஆண்டு ஹாஜியாரின் பேரன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையை அந்தப் பேரனே நேரில் வந்து வைத்தார். மண்டபத்துக்கு வெளியே சீரகச் சம்பா பிரியாணி தம்மிலிருந்து இறங்கும் மணம், கத்தரிக்காய்த் தொக்கு, ஒருபுறம் வரிசையாக நின்ற வண்டிகள். நான் மொய்க்கவரில் பெயர் எழுதிக்கொண்டிருந்த இடைவெளியில் அப்பாவைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், பார்க்கிங்கில் ஒவ்வொரு காராக அதன் பின்மூலையை அழுத்திப் பார்த்துக்கொண்டே போகிறார். வாட்ச்மேன் பின்னால் ஓடுகிறான்: "பெரியவரே, இன்னா பண்றே? அலாரம் அடிக்குது பாரு!"

பேரன் வந்துவிட்டார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இதுல உன் வண்டி எது?" என்றார் அப்பா.

காட்டினார். பேட்டரியில் ஓடும் பெரிய வண்டி, வாங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அப்பா இரண்டு கைகளையும் ஊன்றி அழுத்தினார். விட்டார். காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு மூலைக்குப் போய் அதையும் அழுத்தினார்.

"பரவால்ல. பின்னாடி இடப்பக்கம் மட்டும் ஒருக்கா பாக்கச் சொல்லு."

அந்தப் பிள்ளை மரியாதைக்காரர், உண்மையாகவே ஷோரூமில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒப்பவில்லை.

"கம்ப்யூட்டர்ல பாத்திருப்பாங்க. கையால யாராவது அழுத்திப் பாத்தாங்களான்னு கேளு."